ஒரே நிறச் சேலை: எங்கள் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயரவர்களுக்கும், சபை நிர்வாகத்தைப் பார்க்கிற சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களுக்கும், கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப்போகும் கீத பவனிக்கு இப்போதே தபேலா தேடிக்கொண்டிருக்கும் வாலிபர் சங்கத்துத் தம்பிகளுக்கும் ஸ்தோத்திரம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் கிறிஸ்துமஸ் செலவு பேசப்போகிறீர்கள். நட்சத்திரம், குடில், மைக் செட், கேக், கடைசியில் வழக்கம்போல் "ஏழை விதவைகளுக்குச் சேலையும் அரிசியும்". முதல் நாலைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மைக் செட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் உண்டு, அது தானாக வரும். இந்த மடல் அந்தக் கடைசி வரியைப் பற்றியது.

நடப்பது எல்லாருக்கும் தெரியும். டிசம்பர் 20ஐ ஒட்டி ஒரு சாயங்காலம் ஆலய வளாகத்தில் மேடை போடுகிறோம். பின்னால் பேனர். அதில் சிறப்பு விருந்தினர் படம் பெரிதாக, சேலைக்குப் பணம் கொடுத்தவர் படம் நடுத்தரமாக, பாலகன் இயேசு ஓர் ஓரமாக. வாங்க வந்த பெண்கள் நாலு மணிக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். விருந்தினர் ஆறரைக்கு வருவார். பொன்னாடை முடிந்ததும் ஒவ்வொரு பெயராக மைக்கில் கூப்பிடுவோம், "இன்னாருடைய மனைவி, வடக்குத் தெரு" என்று விலாசத்தோடு. மேடையேறி, பையின் ஒரு காதை அவர் பிடிக்க மறு காதை இவர் பிடிக்க, இரண்டு பேரும் கேமராவைப் பார்க்க வேண்டும். கண் மூடிவிட்டால் இன்னொரு தடவை.

பையில் இருக்கும் சேலை ஒரே கடையில், ஒரே டிசைனில், மொத்தமாக எடுத்தது. மொத்தமாக எடுத்தால் விலை குறையும், சரிதான். போன வருஷம் ஊதா நிறம், மஞ்சள் கரை. 25ஆம் தேதி விடியற்கால ஆராதனையில் அதைக் கட்டி வந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது பார்த்தீர்களா? ஓரிருவர்தான். மற்றவர்கள் பழைய சேலையைத் துவைத்து மடிப்பு வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஏன் என்று எங்கள் தெரு அத்தை ஒருவரிடம் கேட்டேன். "நல்ல சேலைதான் தாயி. ஆனா அதக் கட்டிட்டு நடந்தா, இவ சங்கத்துல சேலை வாங்குனவன்னு போறவன் வாறவனுக்கெல்லாம் தெரிஞ்சிபோவுமே" என்றார். அப்புறம் இன்னொன்றும் கேட்டார்: "ரவிக்கைய எங்க போயித் தைக்க?"

அதுதான் எனக்குச் சுரீரென்றது. டிசம்பர் பிறந்துவிட்டால் நம் ஊர்த் தையல்காரர்கள் புதுத் துணி வாங்க மாட்டார்கள். 20ஆம் தேதிக்கு மேல் கொண்டுபோனால் பொங்கலுக்குத்தான் என்பார்கள். அப்படியே தைத்துக் கொடுத்தாலும் கூலி யார் கொடுப்பது? கிறிஸ்துமஸுக்கென்று நாம் கொடுத்த சேலையைக் கிறிஸ்துமஸுக்குக் கட்ட வழியே இல்லை. இத்தனை வருஷமாக இந்த ஒன்று யாருடைய கண்ணிலும் படவில்லை என்றால், வாங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை நாம் கேட்டதில்லை என்றுதான் அர்த்தம்.

நம் வீட்டில் இப்படியா துணி எடுக்கிறோம்? மகளுக்கு நிறம் பிடிக்கவில்லை என்றால் பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்கு அலைகிறோம். மாமியாருக்கு நூல் சேலைதான் ஒத்துக்கொள்ளும், வெளிநாட்டிலிருந்து வரும் தம்பிக்குக் கோடு போட்ட சட்டை ஆகாது என்றெல்லாம் மனப்பாடம். தலைக் கிறிஸ்துமஸுக்கு வரும் மருமகனின் விரல் அளவை மகளிடம் ரகசியமாகக் கேட்டு மோதிரம் செய்கிறோம். (கடன் வாங்கிச் செய்யும் தலைக் கிறிஸ்துமஸ் சீர் ஒரு தனி வியாதி. போன வருஷம் சம்பந்தி வீட்டில் என்ன வைத்தார்கள் என்று நோட்டுப் போட்டுப் பார்க்கிற குடும்பங்கள் நம் சபையிலேயே உண்டு. அதற்கு இன்னொரு மடல் வேண்டும்.) இந்த அக்கறையில் கால்வாசியை அந்த முன்வரிசைப் பெண்களுக்கும் காட்டலாம் என்பதுதான் என் வாதம்.

நமக்குக் கொடுக்கத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. கிறிஸ்துமஸ் தட்டைப் பாருங்கள். அச்சுமுறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, மேலே ஒரு துண்டு கேக், அதற்கு மேல் கைவேலைத் துணி. எதிர்வீட்டுக்கும் போகும், பின்தெருவில் இருக்கிற பாய் வீட்டுக்கும் போகும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அங்கிருந்து இங்கே வரும். வந்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால்தான் அந்தத் தட்டை வாங்கும்போது யாருக்கும் தலை குனியத் தோன்றுவதில்லை. நம் மேடையில் மட்டும் ஒரு பக்கம் எப்போதும் கொடுக்கிற பக்கம், இன்னொன்று எப்போதும் வாங்குகிற பக்கம்.

இது நம் பழைய வழக்கமும் இல்லை. எங்கள் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள். வீட்டில் கஞ்சிதான் என்ற நாளிலும் போடுவாள். வசதியுள்ள வீட்டுக் கலயமும் கூலிக்குப் போகிற வீட்டுக் கலயமும் ஆலயத்தில் ஒரே குவியலாகக் கொட்டப்படும், எது யார் வீட்டு அரிசி என்று யாராலும் சொல்ல முடியாது. 1903இல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் மற்றவர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, இந்தியப் பணத்திலேயே ஊழியம் நடக்கும் என்று சொன்ன தைரியம் இப்படிப்பட்ட வீடுகளை நம்பித்தான் வந்திருக்கும். நாம் இன்று "பயனாளி" என்று பட்டியல் போடுகிற பெண்களின் ஆச்சிமார்களும் அந்தக் குவியலில் ஒரு பிடி போட்டவர்கள்தான்.

மைக்குக்கு வருகிறேன். தர்மம் செய்யும்போது முன்னால் தாரை ஊதாதே என்று மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. நாம் தாரை ஊதுவதில்லை, ஆம்ப்ளிஃபையர் வைக்கிறோம். கீத பவனியில் மிட்டாய் எறிந்துகொண்டு ஆடி வருகிற கிறிஸ்துமஸ் தாத்தாவின் கதையையாவது நினைத்துப் பாருங்கள். நாலாம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் இருக்கிற மீராவின் பேராயர் நிக்கொலாஸ். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாமல் நொடித்துப்போன ஒரு தகப்பன் வீட்டில், ராத்திரி யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாகப் பொன் முடிச்சைப் போட்டுவிட்டுப் போனார் என்பதுதான் அவரைப் பற்றிய கதை. அந்த வீட்டுக்காரரை மேடையேற்றி முடிச்சின் மறு காதைப் பிடிக்கச் சொல்லியிருந்தால் கதை என்னாகியிருக்கும்?

முடியாது என்று சொல்லாதீர்கள். 2023இல் செய்து காட்டினோம். டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோன அந்த வாரம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கீத பவனி இல்லை, மேடை இல்லை. அக்காமார்கள் சேற்றில் இறங்கி வீடு வீடாகப் போய், "என்ன வேணும்?" என்று கேட்டு நோட்டில் எழுதினார்கள். ஒரு வீட்டில் பாயும் போர்வையும். ஒரு வீட்டில் காஸ் அடுப்பு ரெகுலேட்டர். ஒரு வீட்டில், "சாப்பாடெல்லாம் இருக்கு, தையல் மெஷின் மோட்டார்ல தண்ணி போயிட்டு" என்றார்கள், மோட்டார் மாற்றிக் கொடுத்தோம். அந்த அம்மா ஜனவரியில் மறுபடி தைக்க ஆரம்பித்தார். வருஷா வருஷம் மேடையேறி பை வாங்குகிற வடக்குத் தெருப் பெண்கள், தங்கள் வீட்டில் முழங்கால் சேறு கிடக்க, ஆலய வளாகத்தில் அடுப்பு மூட்டி நமக்கும் சேர்த்துச் சோறு பொங்கினார்கள். அந்தக் கிறிஸ்துமஸில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த வருஷமே மேடையும் பேனரும் திரும்பி வந்துவிட்டன.

சரி, என்ன செய்யலாம்? நவம்பர் முதல் வாரத்திலேயே, சங்கத்து அக்காமார்கள் இரண்டிரண்டு பேராகப் போய், சேலைப் பணத்தையும் அரிசிப் பணத்தையும் மேடை, பேனர், பொன்னாடைச் செலவையும் ஒன்றாக்கி ஒரு கவரில் வைத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரட்டும். பணமாகக் கொடுத்தால் வீணாகிவிடும் என்று யாராவது சொல்வீர்கள். அரசு கொடுக்கும் மாதம் 1200 ரூபாய் உதவித்தொகையில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நாம் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறோமா? மகன் பிடுங்கிக்கொள்வான் என்கிற வீடு ஒன்றிரண்டு இருக்கலாம். எந்த வீடு என்பது அக்காமார்களுக்குத் தெரியும். அங்கே மளிகைக் கடையில் கட்டிவிடலாம். பெயர் போடாவிட்டால் கொடுக்கிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்பது அடுத்த பயம். ரசீது கொடுங்கள், வருடாந்தரக் கணக்கில் வரவு வையுங்கள். அதற்கு மேல் கேட்கிறவர் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

அடுத்தது, நாம் வருஷந்தோறும் போகிற பெண் பிள்ளைகள் இல்லம். 24ஆம் தேதி சாயங்காலம் நாம் கேக்கோடு போனபோது, நமக்கு முன்னால் இரண்டு கூட்டம் கேக் வெட்டிவிட்டுப் போயிருந்தது. பிள்ளைகள் மூன்றாம் தடவையாக அதே பாட்டை அதே சிரிப்போடு பாடினார்கள். அங்கே பொறுப்பில் இருக்கிற அக்காவிடம் தனியாகப் பேசினால் பட்டியல் வேறு மாதிரி இருக்கிறது: உள்ளாடை, நாப்கின், சரியான அளவில் செருப்பு, ஐப்பசி மழையில் வரிசையாகக் காய்ச்சலில் படுக்கும் பிள்ளைகளுக்கு மருந்துச் செலவு, கரண்ட் பில். இதில் எதையும் மேடையில் வைத்துப் படம் எடுக்க முடியாது, அதனால்தான் யாரும் கொடுப்பதில்லையோ என்னவோ.

படம் என்றதும் இன்னொன்று. பிள்ளைகளின் முகம் தெரிய, இல்லத்தின் பெயரோடு, நம் முகநூல் பக்கத்தில் போட்டிருக்கிறோம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74ஐ வாலிபர் சங்கத் தம்பிகள் ஒருமுறை வாசியுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். சட்டத்துக்குப் பயந்தாவது அந்தப் படங்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நாளைக்குக் கல்லூரிக்குப் போகப்போகிற பிள்ளைகள் அவர்கள்.

அந்த இல்லத்தில் எல்லாப் பிள்ளைகளும் யாருமற்றவர்கள் கிடையாது. பலருக்கு அம்மா இருக்கிறாள், தம்பி தங்கை இருக்கிறார்கள். அரைப் பரீட்சை லீவுக்கு ஊருக்குப் போவார்கள். போன தடவை ஒரு சின்னப் பிள்ளை நாம் கொடுத்த கேக்கைத் தின்னாமல் தம்பிக்கென்று டிபன் பாக்ஸில் வைத்து, மறுநாள் மூன்று மணி நேரம் பஸ்ஸில் கொண்டுபோயிருக்கிறாள். க்ரீம் என்ன கதியாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் கேக்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு பிள்ளை கையிலும் 300 ரூபாய் கொடுத்து, டிசம்பர் இரண்டாம் வாரத்தில் பஜாருக்குக் கூட்டிப்போவோம். அம்மாவுக்கு வளையலோ தம்பிக்குப் பந்தோ, அவர்களே பேரம் பேசி வாங்கட்டும். ஊருக்குப் போகாத பிள்ளைகள் தோழிக்கு வாங்கட்டும், சமையல்கார அம்மாவுக்கு வாங்கட்டும். என்ன வாங்கினார்கள் என்று நாம் கேட்கக் கூடாது. கூட்டிப்போக நாலு பேர் வேண்டும், நான் வருகிறேன்.

பணத்துக்கு வழி கீத பவனியில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு ஜனங்கள் கவர் கொடுக்கிறார்கள், "ஏழைகளுக்கு" என்று நினைத்துத்தான் கொடுக்கிறார்கள். அதில் ஒரே மாதிரி டி-ஷர்ட்டுக்கும் வேன் வாடகைக்கும் கடைசி ராத்திரி பிரியாணிக்கும் எவ்வளவு போகிறது என்ற கணக்கு இதுவரை சபையில் வாசிக்கப்பட்டதில்லை. தம்பிகளே, பிரியாணி சாப்பிடுங்கள், குளிரில் ராத்திரி முழுக்கப் பாடுகிறவர்களுக்கு அது நியாயம்தான். கணக்கை மட்டும் புத்தாண்டு ஆராதனைக்கு முன்னால் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளின் பஜார் செலவு அதில் முதல் வரியாக இருக்கட்டும்.

ஐயரவர்கள் இதைக் கூட்டத்தில் எடுத்துக்கொண்டால் நான் வந்து பேசத் தயார். பேனருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் எடுத்துக்கொண்டால் நல்லது.

இப்படிக்கு,
தெற்குத் தெருவிலிருந்து உங்கள் சபையாரில் ஒருத்தி