வாத்தியாருக்கும் ஒரு சுவர் வேண்டும்: கண்காட்சிக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சென்னை ஓவிய மரபு பற்றி நீங்கள் நடத்தும் கண்காட்சிக்கு எங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்தேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கருக்கு ஒரு முழுச் சுவர், சிற்பி எஸ். தனபாலுக்கு அரைச் சுவர். நியாயம்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "இவங்களுக்கு யாரு சார் வாத்தியார்?"

தேடினோம். வெளியேறும் வாசல் பக்கம், தீயணைப்பு சிலிண்டருக்குப் பின்னால் ஒற்றை வரி கிடைத்தது: "தேவி பிரசாத் ராய் சௌத்ரி, உழைப்பாளர் சிலையை வடித்த சிற்பி." பாதி எழுத்தை சிலிண்டரின் குழாய் மறைத்திருந்தது. பிள்ளை அதை விலக்கிப் பிடித்துக்கொண்டு படித்தாள். "தொடாதே" என்று காவலாளி அதட்டினார். அவரைக் குறை சொல்லவில்லை. பலகையை அங்கே மாட்டியவர் அவரில்லை.

நீங்கள் அறியாததல்ல. ராய் சௌத்ரி, வங்க ஓவியர் அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர், 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்புக்கு வந்தபோது வயது 30தான். கிட்டத்தட்ட முப்பது வருஷம் அங்கேயே இருந்தார். கைவினைப் பயிற்சிக்கென்று 1850இல் தொடங்கிய பள்ளியில் ஓவியத்தையும் சிற்பத்தையும் முன்னுக்குக் கொண்டுவந்தார். பணிக்கரும் தனபாலும் அவரிடம் படித்தவர்கள். அவர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலியில் அமர்ந்தவரே பணிக்கர்தான். தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் முதல் தலைவரும் ராய் சௌத்ரிதான். மல்யுத்தம், புல்லாங்குழல், வேட்டை, வங்க மொழியில் சிறுகதை என்று அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல ஒரு தனி அறையே போதாது. நீங்கள் கொடுத்தது ஒரு வரி. அதிலும் ஓவியர் இல்லை, ஆசிரியர் இல்லை.

மெரினாவில் சிலை நிற்கிறதே, போதாதா என்பீர்கள். வாத்தியாரை மறப்பது நமக்கென்ன புதிதா? ட்ராயிங் பீரியட் வந்தால் கணக்கு சார் போர்ஷன் முடிக்க வந்துவிடுவார். ஆண்டு விழாவுக்கு பேனர் எழுதவும், அறிவியல் கண்காட்சிக்கு சார்ட் வரையவும் மட்டும் ட்ராயிங் மாஸ்டர் உடனே வேண்டும். அது வேறு வழக்கு, விடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். பணிக்கர் சுவருக்கு முன்னால், கண்ணுக்கு எட்டும் உயரத்தில், ராய் சௌத்ரிக்கு ஒரு பலகை வையுங்கள். அதில் ஓவியர், ஆசிரியர் என்ற இரண்டும் இருக்கட்டும். மூல ஓவியம் கிடைக்காவிட்டால் அவருடைய நீர்வண்ணப் படம் ஒன்றின் அச்சுப் பிரதியாவது பக்கத்தில் மாட்டுங்கள். அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிவருகிறேன். அதற்குள் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர்