மூச்சுக்குழாய்த் தசையின் வளர்ச்சியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வெளியான ஆஸ்துமா கட்டுரை, மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்குவதால் இளைப்பு வருகிறது என்றும், இன்ஹேலரை உறிஞ்சினால் அது தளர்ந்துவிடும் என்றும் கூறி முடிந்துவிட்டது. கூறியது சரியே. ஆயினும், நெடுங்காலம் இந்நோயுடன் வாழ்பவர்களில் பலருக்கு அத்தசை பெருகித் தடித்தும் போகிறது என்ற முக்கியமான செய்தி அதில் விடுபட்டுவிட்டது. ஆஸ்துமாவால் இறந்தவர்களின் நுரையீரலை ஆராய்ந்த ஹியூபர், கெஸ்லர் என்னும் இருவர் 1922-ஆம் ஆண்டிலேயே இத்தடிப்பைப் பதிவு செய்துள்ளனர்.

இப்பெருக்கத்துக்கு அழற்சிப் பொருட்கள் பல காரணமாகின்றன. நரம்பு முனைகளில் சுரக்கும் நியூரோபெப்டைடுகள் என்னும் சிறு அமினோ அமிலச் சங்கிலிகளுக்கும் அதில் பங்கு உண்டு என ஆய்வுகள் காட்டுகின்றன. இவற்றுள் 'சப்ஸ்டன்ஸ் பி' என்பது 1931-இல் ஆய்லரும் காடமும் குதிரையின் மூளையிலும் குடலிலும் கண்டறிந்த பொருள். 11 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறு சங்கிலி. இதுவும் இதன் இனத்தைச் சேர்ந்த 'நியூரோகைனின் ஏ'-யும் தசையைச் சுருக்குவதோடு நிற்பதில்லை. முயலின் மூச்சுக்குழாயிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த தசைச் செல்களில், செல் பிரிந்து பெருகுவதையும் இவை தூண்டியது 1990-களில் தெரியவந்தது. இதற்கு நேர் எதிராகச் செயல்படுவது, சாமி சையதும் விக்டர் முட்டும் 1970-இல் பன்றியின் குடலிலிருந்து பிரித்தெடுத்த வி.ஐ.பி. (வாசோஆக்டிவ் இன்டெஸ்டினல் பெப்டைடு) என்னும், 28 அமினோ அமிலங்கள் கொண்ட மற்றொரு நியூரோபெப்டைடு. அது செல்லுக்குள் சுழல் ஏ.எம்.பி. என்னும் செய்தி கடத்தும் மூலக்கூறின் அளவை உயர்த்தித் தசையைத் தளர்த்துகிறது. மனித மூச்சுக்குழாய்த் தசைச் செல்களின் பெருக்கத்தையும் அது தடுத்ததாகச் சையதின் குழுவினர் 1995-இல் வெளியிட்டனர். ஆக, தசையை வளர்க்கும் ஆணையும் அடக்கும் ஆணையும் நரம்பிலிருந்தும் வருகின்றன.

சப்ஸ்டன்ஸ் பி-யைச் சிதைத்து அடக்கி வைப்பது மூச்சுக்குழாயின் உட்பரப்பிலுள்ள நெப்ரிலைசின் என்னும் நொதி. சிகரெட் புகையும் வைரஸ் தொற்றும் இந்நொதியின் செயலைக் குறைப்பதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. ஸ்டீராய்டு மருந்தோ, ஆய்வகத்தில் வளர்த்த மனித மூச்சுக்குழாய்ச் செல்களில் இதன் அளவைக் கூட்டியது. வீட்டுக்குள் புகைபிடிப்பவர்கள் இதை அறிய வேண்டும். அன்றாடம் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை, இளைப்பு அடங்கியவுடன் தாமாகவே நிறுத்திவிட்டு, உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலரை மட்டும் பையில் வைத்துக்கொள்வோரும் அவசியம் அறிய வேண்டும். உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ஜினா, உடனடி நிவாரண மருந்தை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை என 2019-இல் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது.

நரம்பு என்றவுடன் நரம்புத் தளர்ச்சிக்கு விற்கும் டானிக்குகளை யாரும் நாடிவிடக் கூடாது. இவ்விரண்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. சப்ஸ்டன்ஸ் பி செல்லில் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளை அடைக்கும் மருந்துகள் ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டும், இன்றுவரை வழக்கமான சிகிச்சையில் இடம்பெறவில்லை. உடலில் விரைவில் சிதைந்துவிடும் வி.ஐ.பி.யின் நிலையும் அதுவே.

எனவே, இரு வகை இன்ஹேலர்களின் வேறுபாட்டையும், மூச்சு சீராக இருக்கும் நாட்களிலும் ஒன்றை ஏன் தொடர வேண்டும் என்பதையும், நுரையீரல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு விரிவாக எழுதச் செய்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியர்,
திருநெல்வேலி