அம்மாவின் சிறுநீரையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் சிறுநீரகச் செயலிழப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். சர்க்கரை, பிரஷர், வலி மாத்திரை என்று காரணங்களை நன்றாகச் சொல்லியிருந்தார்கள். பரம்பரையாக வருவதற்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. எங்கள் குடும்பத்துக்கு வந்தது அதுதான் என்பதால் எழுதுகிறேன்.

என் தம்பிக்குச் சின்ன வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். உடம்புச் சூடு என்று பார்லித் தண்ணீர் கொடுப்போம், இரண்டு நாளில் தெளிந்துவிடும். காது மந்தம் என்று பள்ளியில் சொன்னார்கள், முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்கும் தெரியவில்லை, பார்த்த டாக்டர்களுக்கும் தோன்றவில்லை. 23 வயதில் டயாலிசிஸ்.

அம்மா தன் சிறுநீரகத்தைத் தர முன்வந்தார். சோதித்தால் அம்மாவின் சிறுநீரிலும் கண்ணுக்குத் தெரியாத ரத்தம். "உங்க கூடப்பிறந்தவங்க யாருக்காவது காது கேட்காதா?" என்று ஒரு பெண் டாக்டர் கேட்டார். திருநெல்வேலியில் 30 வயதுக்குள் உடம்பெல்லாம் வீங்கி இறந்துபோன மாமாவைப் பற்றி அம்மா அன்றுதான் வாய் திறந்தார். ஆல்போர்ட் நோய் என்ற பெயரை அன்றுதான் கேள்விப்பட்டோம். ஒரே குடும்பத்தில் சிறுநீரில் ரத்தமும் காது கேளாமையும் சேர்ந்து வருவதை செசில் ஆல்போர்ட் என்ற மருத்துவர் 1927-லேயே எழுதிவிட்டார்.

சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வுக்குப் பலம் தருவது நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் சடைபோலப் பின்னிக்கொள்ளும். மொத்தம் ஆறு விதமான இழைகள் உண்டு. வளர்ந்த சிறுநீரகத்துக்கு வேண்டியது 3, 4, 5 எண் இழைகள் சேர்ந்த பின்னல். இதில் ஒன்று கெட்டாலும் இந்தப் பின்னல் உருவாகாது. கருவில் இருந்தபோது போட்ட பழைய பின்னலே தங்கிவிடும். அது ரத்தத்தின் அழுத்தத்தை வருஷக்கணக்கில் தாங்காது. முதலில் ரத்தம் கசியும், அப்புறம் புரதம், கடைசியில் வடிகட்டியே தழும்பாகிவிடும். உட்காதிலும் கண் லென்ஸின் உறையிலும் இதே பின்னல் இருப்பதால்தான் காதும் கூடவே போகிறது.

5-ஆம் இழையின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதனால் கடுமையாக வரும். பெண்ணுக்கு இரண்டு என்பதால், "நோயைப் பிள்ளைக்குக் கடத்துபவர் மட்டுமே" என்று சொல்லிப் பெண்களைச் சோதிக்காமலே விட்டுவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம். பெண்களுக்கும் புரதம் போகும், பிரஷர் ஏறும், சிலருக்குச் சிறுநீரகமே நின்றுபோகும். 3, 4 இழைகளின் மரபணுக்கள் 2-ஆம் குரோமோசோமில் உள்ளன. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால், மகனோ மகளோ, பாதிப்பு ஒரே மாதிரிதான். சொந்தத்தில் பெண் எடுக்கும் நம்மவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"நானே பிள்ளைக்குக் கொடுத்துட்டேனே" என்று அம்மா பல நாள் அழுதார். அப்பாவின் சிறுநீரகம் பொருந்தியது, தம்பி இப்போது வேலைக்குப் போகிறான். எனக்கும் ரத்தம் கசிகிறது, 9 வயது மகனுக்கும்தான். சிறுநீரகப் பிரிவில் அவனுக்கு ராமிப்ரில் என்ற மருந்தை ஆரம்பித்திருக்கிறார்கள். நோயைக் குணப்படுத்தாது, ஆனால் சீக்கிரம் தொடங்கினால் டயாலிசிஸைப் பல வருஷம் தள்ளிப்போடும். டாக்டர் சொல்லாமல் யாரும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது.

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர்ப் பக்கம் மருத்துவ முகாம் நடத்தும் தமிழ் அமைப்புகளுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை சில நிமிஷத்தில் ரத்தத்தையும் புரதத்தையும் காட்டிவிடும். சர்க்கரை, பிரஷரோடு அதையும் சேருங்கள். வீட்டில் யாருக்காவது இளவயதில் சிறுநீரகம் போனதா, காது மந்தமா என்று கேளுங்கள். ஆம் என்றால் பிள்ளையோடு வந்திருக்கும் அம்மாவையும், அக்கா தங்கையையும் சோதியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை