பெட்டிமேல் இல்லாத ஒரு எண்: ரெக்கார்டர் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கையடக்க டிஜிட்டல் ரெக்கார்டர்களைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். நான் மெல்லிய ஒலிகளைப் பதிவு செய்கிறவன். தாழ்ந்த குரலில் பேசும் முதியவர்கள், தூரத்து ஆந்தை, இலைமேல் விழும் தூறல். இந்த வேலையில் கருவியின் சொந்த இரைச்சல், நான் பதிய வந்த ஒலியை மூடிவிடக் கூடாது. அது மூடுமா மூடாதா என்று வாங்கும் முன்பே சொல்லிவிடக்கூடிய எண்ணை, அதாவது மைக் உள்ளீட்டில் கருவியே சேர்க்கும் இரைச்சலின் அளவை, உங்களில் பலர் அச்சிடுவதே இல்லை.

பெட்டிமேல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிதாக இருக்கிறது. 24 பிட்டுக்குக் கணக்குப்படி, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 144 டெசிபல் வீச்சு உண்டு, சரி. ஆனால் மைக்கிலிருந்து வரும் துளி மின்னழுத்தத்தை முதலில் பெருக்குவது ப்ரீஆம்ப். அங்கே கலந்துவிடும் 'உஸ்' இரைச்சலை, பின்னால் எத்தனை பிட் வைத்தாலும் பிரித்தெடுக்க முடியாது. 32 பிட் ஃப்ளோட் என்ற பதிவு வடிவமும் ப்ரீஆம்ப் இரைச்சலைக் குறைக்காது. அதன் பலம் உரத்த ஒலி உடையாமல் காப்பதில் இருக்கிறது.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. ஒரு மூதாட்டியின் பேச்சை இரண்டு மணி நேரம் பதிந்து வந்து கேட்டால், குரலுக்குப் பின்னால் முழுக்க மழை பெய்வதுபோல் இரைச்சல். மென்பொருளில் அதைக் குறைக்கக் குறைக்க ச, ஸ, ஃப எல்லாம் தேய்ந்துபோயின. இன்னொரு முறை அவரை உட்காரவைத்துப் பேசச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம்தான் நானே அளக்கத் தொடங்கினேன். முறை எளிது. மைக்கை இணைக்கும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் பிளக்கின் 2, 3 முனைகளுக்கு நடுவே 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். ரெக்கார்டருக்கு அது ஒலியே கேட்காத ஒரு மைக். தானியங்கி கெயின், உச்சத்தை அடக்கும் லிமிட்டர், தாழ்ந்த அதிர்வெண்ணை வெட்டும் லோ கட் மூன்றையும் அணைத்து, கெயினை (பெருக்கும் அளவை) முழுதாக ஏற்றி, வேவ் கோப்பாக ஒரு நிமிடம் பதிய வேண்டும். அதே கெயினில் அளவு தெரிந்த ஒரு தொனியையும், உதாரணமாக -60 டிபியூவில் (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அலகு; எண் கீழே போகப் போக அளவு குறைவு) 1 கிலோஹெர்ட்ஸ், பதிந்து ஒப்பிட்டால், இரைச்சல் உள்ளீட்டில் எத்தனை டிபியூவுக்குச் சமம் என்று வந்துவிடும்.

ரெசிஸ்டருக்கே வெப்பத்தால் எழும் இரைச்சல் உண்டு. 150 ஓமுக்கு, அறை வெப்பநிலையில், 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அது சுமார் -131 டிபியூ. எவ்வளவு நல்ல ப்ரீஆம்ப் ஆனாலும் இதற்குக் கீழே போகாது. எவ்வளவு நெருங்குகிறது என்பதுதான் கேள்வி. முனைகளை நேரடியாகக் குறுக்கிணைத்து அளந்தால் இந்தப் பங்கு மறைந்து, எண் அழகாகத் தெரியும். தயவுசெய்து அப்படி அளந்ததைப் போடாதீர்கள்.

இந்த எண் கையில் இருந்தால் என்ன பயன்? ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு (94 டெசிபல் ஒலி) 20 மில்லிவோல்ட் தரும், 14 டெசிபல் சுய இரைச்சல் உள்ள ஒரு கண்டென்சர் மைக்கை எடுத்துக்கொள்வோம். அதன் இரைச்சலே சுமார் -112 டிபியூ வரும். ப்ரீஆம்ப் -122 என்றால் மொத்த இரைச்சல் அரை டெசிபல்கூட உயராது. அதே கருவியில் பாஸ்கலுக்கு 2 மில்லிவோல்ட் தரும் டைனமிக் மைக்கைச் செருகி 20 டெசிபல் ஒலியைப் பதிந்தால், வரும் சிக்னல் சுமார் -126 தான். பதிய வந்த ஒலி, ப்ரீஆம்ப் இரைச்சலுக்குக் கீழே கிடக்கும். ஆக, ஒரே ரெக்கார்டர் ஒருவருக்குத் தாராளமாகப் போதும், இன்னொருவருக்கு உதவவே உதவாது. எண் தெரிந்தால் அவரவர் மைக்குக்கு அவரவரே கணக்குப் போட்டுக்கொள்வோம்.

எண்ணை மட்டும் தனியாகப் போட்டாலும் போதாது. ஏ எடையிட்டு, அதாவது காது உணரும் விதத்துக்கு ஏற்ப வடிகட்டி, அளந்ததா என்று சொல்லுங்கள். அந்த வடிகட்டி 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல் அளவுக்குத் தணிப்பதால் மின்சார ரீங்காரம் கணக்கில் வராமலே போய்விடும். எந்தக் கெயினில் அளந்தது, மைக்குக்கு ரெக்கார்டரே தரும் ஃபான்டம் பவர் போட்டா அணைத்தா, பேட்டரியிலா யூஎஸ்பி மின்சாரத்திலா என்பதும் வேண்டும். யூஎஸ்பியில் போட்டதும் மெலிதாக ஒரு விசில் சேர்ந்துகொண்ட கருவியை என் காதால் கேட்டிருக்கிறேன்.

உள்ளே பொருத்திய மைக்குகளுக்கு ரெசிஸ்டர் சோதனை செய்ய முடியாது. அவற்றின் சுய இரைச்சலை ஒலி அழுத்த டெசிபலில் தாருங்கள்.

உங்கள் சோதனைக்கூடத்தில் இந்த அளவுகள் ஏற்கெனவே இருக்கும். இவற்றைப் பார்க்காமல் யாரும் ப்ரீஆம்ப் வடிவமைப்பதில்லை. கையேட்டில் ஒரு வரி சேருங்கள். முடிந்தால் 150 ஓமில் பதிந்த அந்த ஒரு நிமிட வேவ் கோப்பையும், ஒப்பிடப் பதிந்த தொனியையும் தரவிறக்கத்துக்கு வையுங்கள். மீதியை நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

அன்புடன்,
உங்கள் கருவிகளை நம்பி வேலை செய்யும் ஒரு ஒலிப்பதிவாளன்