மாகோக் ஏரிக்குப் போகும் வழியில் தண்ணீர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த, மேற்குக் கனடாவின் ராக்கி மலைகளில் இருக்கும் அசினிபாயின் மலைப்பூங்கா பற்றிய கட்டுரை அருமை. 3,618 மீட்டர் உயர அசினிபாயின் மலை மாகோக் ஏரிக்குள் தலைகீழாக நிற்கும் படத்தை வெட்டி எங்கள் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு வரியைப் படித்ததும் பகீரென்றது. வழிநெடுகத் தண்ணீர் கிடைக்கும், சுமக்கத் தேவையில்லை என்கிறார் கட்டுரையாளர். அவர் போனது ஹெலிகாப்டரில். அதையும் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் பூங்காவுக்குச் சாலை கிடையாது. பான்ஃப் தேசியப் பூங்கா பக்கம், சன்ஷைன் பனிச்சறுக்குத் தலத்திலிருந்து நடந்தால் மாகோக் ஏரிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். சிட்டடெல் கணவாய் வரை புல்வெளியும் பூவுமாகச் சொகுசாகத்தான் போகும். கணவாயைத் தாண்டி இறங்கினால் ஓக் ஏரி வரும்வரை சுமார் 12 கிலோமீட்டருக்கு நம்பிப் போக ஓர் ஓடைகூட இல்லை. சுண்ணாம்புப் பாறை நிலம். மழையும் உருகின பனியும் அடியில் இறங்கிவிடும். (ஓக், கோக், மாகோக் மூன்றும் அங்குள்ள ஏரிகள். வேதாகமம் படித்தவர்களுக்குப் பழகிய பெயர்கள்தான்.)

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்டில் நானும் மகளும் போனோம். ஆளுக்கு ஒரு லிட்டர். கணவாயில் உட்கார்ந்து பாணும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். மலையில் சம்பல் சாப்பிடுகிற புத்தி யாருக்கு வரும்? எரிவு தாங்காமல் என் போத்தலில் முக்கால்வாசியைக் குடித்துவிட்டேன். "அப்பா, கொஞ்சம் வையுங்கோ" என்றாள். கேட்டால்தானே.

அப்புறம் பாறைப் பள்ளத்தாக்கு. வீடளவு கற்களுக்கு நடுவே பாதை ஏறுவதும் இறங்குவதுமாகப் போகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஏரி வந்துவிட்டது என்று நினைத்து ஏமாந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மகள் தன் போத்தலில் மிஞ்சியிருந்த இரண்டு மிடறை நீட்டி, தனக்குத் தாகமில்லை என்றாள். அது பொய் என்று தெரிந்தும் வாங்கிக் குடித்தேன். ஓக் ஏரிக் கரையில் வடிகட்டியின் மூடியைத் திறக்கக்கூட எனக்குக் கை ஓடவில்லை, அவள்தான் திறந்தாள்.

கரடியை விரட்ட அடிக்கிற கரடி ஸ்பிரே பற்றி எழுதியது சரி. ஆனால் அதை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், மேற்குக் கனடாவில் போய் இறங்கித்தான் வாங்க வேண்டும். மிக்ஸ்சர் பையைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பதும் கூடாது. பற்பசை உட்பட வாசம் உள்ள எதையும் கூடாரத்துக்குள் வைக்காமல், முகாமில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும்.

ஆளுக்கு மூன்று லிட்டராவது சுமந்துகொண்டு கணவாயைத் தாண்டுங்கள் என்று அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போடுங்கள். மகளின் தோழிகள் மூவர் உங்கள் கட்டுரையைப் பார்த்து முகாமுக்குப் பதிவு செய்துவிட்டார்கள். நான் சொல்லியும் கேட்காமல், "அங்கிள், பேப்பரில் தண்ணி இருக்கெண்டு போட்டிருக்கே" என்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்கார்பரோ