சர்வீஸுக்கு விட்ட காரில் தோல் இருக்கைகள் பாழானது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், கே.கே. நகர், மதுரை
(பெயரும் வாகன எண்ணும் இணைத்துள்ள ஜாப் கார்டு நகலில் உள்ளன)

பெறுநர்:
பொது மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மழையில் நனைந்த தோல் இருக்கைகளை ஹீட் கன்னால் (கடும் சூட்டுக் காற்றை ஊதும் கருவி) காய வைத்துப் பாழாக்கியதும், அதை மறைத்துக் காரை ஒப்படைத்ததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தீபாவளிக்கு முந்தைய வாரம் செவ்வாய்க்கிழமை காலை, மதுரையில் உள்ள உங்கள் பணிமனையில் என் காரை 40,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு விட்டேன். வியாழன் மாலை பணம் கட்டி எடுத்து வந்தேன். இன்ஜின் வேலையில் எனக்குக் குறையில்லை. நான் எழுதுவது இருக்கைகளைப் பற்றி.

வண்டியை எடுக்கும்போதே இருக்கைகள் எண்ணெய் பூசியதுபோல் மின்னின. கை வைத்தால் வழுக்கியது. கேட்டதற்கு, தீபாவளிச் சலுகையாகக் கட்டணமில்லாமல் பாலிஷ் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

சனிக்கிழமை இரவு பெற்றோரை அழைத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்குக் கிளம்பினோம். சமயநல்லூர் தாண்டியதும், பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, "சேலை ஈரமாக இருக்கிறதே, தண்ணீர் பாட்டில் கொட்டிவிட்டதா?" என்று கேட்டார். பாட்டில் மூடியபடியே இருந்தது. வாடிப்பட்டி அருகே ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். இருக்கையின் நடுப்பகுதியில் காற்றுப் போவதற்காகப் பொடித் துளைகள் இட்டிருப்பார்கள் அல்லவா, அங்கே கட்டைவிரலை அழுத்தினேன். ஒவ்வொரு துளையிலும் ஒரு நீர்முத்து எழும்பி நின்றது. விரலை எடுத்ததும் உள்ளே இறங்கிவிட்டது. சில துளைகளில் பாலிஷ் வெள்ளையாகக் காய்ந்து அடைத்திருந்தது. காலடி மிதியை உரித்தால், அடியில் இருந்த கம்பளம் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. அதுவரை வாசனைத் திரவியத்துக்குள் ஒளிந்திருந்த பூஞ்சை வாடை அப்போதுதான் எழுந்தது.

என் அப்பா திண்டுக்கல்லில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம் பட்டைச் சாற்றிலும் ஊறிய கை அவருடையது. நான் கூடுதல் பணம் கொடுத்துத் தோல் இருக்கை உள்ள காரை எடுத்ததற்குக் காரணமே அவர்தான். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்காகத் தோலைப் பதனிட்டவர், வயதான காலத்தில் அதில் சாய்ந்து உட்காரட்டும் என்று நினைத்தேன். அவர் அன்று இறங்கி வந்து, இருக்கை ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். மடிப்பு விழவேண்டிய இடத்தில் அது அட்டைபோல் விறைத்து நின்றது. தையலோரம் சுருங்கி, நூல் இழுபட்டிருந்தது. "இது காய்ந்த தோல் இல்லையம்மா, வெந்த தோல்" என்றார். அதற்குப் பிறகு திண்டுக்கல் வரும்வரை அவர் பேசவில்லை.

தீபாவளி முடிந்து உங்கள் பணிமனைக்கு வந்தேன். சர்வீஸ் ஆலோசகர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஏ.சி. தண்ணீர் கசிந்திருக்கும் என்றார். ஏ.சி. வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் முன்பக்கத்தில், காலடிக் கம்பளத்தில்தான் இறங்கும். பின் இருக்கை ஸ்பாஞ்சுக்குள் அது ஏறுவது எப்படி? இதைக் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

உண்மையைச் சொன்னவர் உங்கள் ஊழியர் ஒருவர்தான். செவ்வாய் மாலை தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகு, உள்ளே காயட்டும் என்று நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுத் திறந்தவெளியில் நிறுத்தியிருக்கிறார்கள். இரவு பெய்த மழையை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை அவசரமாக ஹீட் கன் பிடித்து, பிறகு கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் விட்டு, கடைசியில் பாலிஷ் பூசியிருக்கிறார்கள். அந்த ஊழியர் யார் என்று என்னிடம் கேட்காதீர்கள். அவருக்கு இதனால் எந்தத் தொந்தரவும் வரக்கூடாது. உங்கள் பணிமனையில் என்னை மனிதராக மதித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

ஐயா, மழையில் நனைந்ததற்காக மட்டும் என்றால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். ஐப்பசி மாதத்தில் மதுரையில் கார் நனைவது புதிதல்ல. கர்டர் பாலத்தடியில் தண்ணீர் தேங்கும்போதெல்லாம் எத்தனை வண்டிகள் மாட்டுகின்றன! நனைந்த தோலை மீட்க முடியும். ஈரமாக இருக்கும்போது சூடு காட்டப்பட்ட தோலை மீட்க முடியாது.

தோல் என்பது நார்களின் பின்னல். அந்த நார்களுக்கு இடையே பதனிடும்போது ஏற்றிய எண்ணெய்தான் அதை வளைய வைக்கிறது. தண்ணீர் புகுந்தால் நார்கள் ஊதும். நிழலில் மெல்லக் காய்ந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். ஈரத்தோடு கடும் சூடு பட்டால் நார்கள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கார் இருக்கைகளுக்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் குரோம் தோலே (குரோமியம் உப்பால் பதனிட்ட தோல்), ஈரமாக இருக்கையில் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில் சுருங்கத் தொடங்கிவிடும். ஹீட் கன்னிலிருந்து வரும் காற்று 300 டிகிரியையும் தாண்டும். பெயின்ட் உரிக்கப் பயன்படுத்தும் கருவியை என் அப்பா உட்காரும் இடத்தில் பிடித்திருக்கிறீர்கள்.

செய்திருக்க வேண்டியது கடினமான வேலையும் அல்ல. உலர்ந்த பருத்தித் துணியை வைத்து அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. கதவுகளைத் திறந்து நிழலில் நிறுத்தி மின்விசிறி போட வேண்டும். துளையிட்ட இருக்கை என்பதால் மேலே துடைத்தால் போதாது. இருக்கையைக் கழற்றி ஸ்பாஞ்சையும் கம்பளத்தையும் தனியாகக் காய வைக்க வேண்டும். ஈரம் ஒரு நாள், இரண்டு நாள் நின்றாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். முழுவதும் உலர்ந்த பிறகுதான் தோலுக்கான கண்டிஷனரைத் தடவ வேண்டும். நீங்களோ உள்ளே ஈரம் இருக்கும்போதே மேலே பாலிஷ் பூசி, வெளியேறும் வழியையும் அடைத்துவிட்டீர்கள்.

அதைவிட என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. முன் இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது. அடியில் மஞ்சள் நிற உறைக்குள் அதற்கான ஒயர்களும் இணைப்புகளும் போகின்றன. அங்கே தண்ணீர் புகுந்து துருவேறினால் ஆபத்து நேரத்தில் அது விரியுமா என்பதற்கு யார் உத்தரவாதம்? மழையில் நனைந்தது என்று வியாழக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சோதித்துப் பார்க்காமல் என் பெற்றோரை அதில் ஏற்றி நெடுஞ்சாலையில் 65 கிலோமீட்டர் ஓட்டியிருக்க மாட்டேன்.

ஆகவே நான் கேட்பது இவை. பாழான இருக்கைகளின் தோல் உறை, ஸ்பாஞ்சு, காலடிக் கம்பளம் ஆகியவற்றை உங்கள் செலவில் புதிதாக மாற்றித் தர வேண்டும். பழைய உறைக்கு மேல் சாயம் அடித்துத் தருவதை ஏற்க மாட்டேன். இருக்கைகளைக் கழற்றுமுன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஏர்பேக் மற்றும் சீட் பெல்ட் இணைப்புகளைப் பயிற்சி பெற்றவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். செவ்வாய் இரவு முதல் வியாழன் மாலைவரை என் காருக்கு என்ன செய்யப்பட்டது என்பதை உங்கள் கையெழுத்தோடு எழுதித் தர வேண்டும். வேலை முடியும்வரை மாற்றுக் கார் ஒன்றும் வேண்டும். அம்மாவை வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். துளைகளில் நீர் எழும்பும் வீடியோ, தையல் சுருங்கிய படங்கள், ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். இருக்கைகளை நானாக எதுவும் செய்யவில்லை. ஈரம் போகட்டும் என்று கதவுகளைத் திறந்து, எங்கள் வீட்டு வேப்பமர நிழலில் காரை நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்பா காலையும் மாலையும் போய்ப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் ஆட்கள் எந்த நாளும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்