நாட்டரசன்கோட்டையில் கம்பன்

காரைக்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு நீ எழுதியதை அப்பத்தாவுக்கும் படித்துக் காட்டினேன். 1882-இல் பாரதி பிறந்த அறைக்கு முன்னால் நின்றபோது பேச்சே வரவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. கிளம்பி நாட்டரசன்கோட்டைக்குப் போய்விட்டேன், கம்பனைப் பார்க்க.

கம்பன் பிறந்தது தேரழுந்தூரில். அவன் வீடு இருந்த இடம் என்று அங்கே ஒரு மேட்டைத்தான் காட்டுவார்கள், கம்பர்மேடு. சோழனோடு மனத்தாங்கலாகிப் பாண்டிநாட்டுப் பக்கம் வந்தவன் நாட்டரசன்கோட்டையில் அடங்கினான் என்பது நம் பக்கத்து வழக்கு. சமாதி ஆரவாரமில்லாத சின்ன இடம். நான் போனபோது ஒரு ஆச்சி பேரப்பிள்ளையை ஏந்திக்கொண்டு வந்திருந்தார். குனிந்து ஒரு துளி மண்ணை விரல் நுனியில் ஒற்றி, பிள்ளையின் நாக்கில் தடவினார். பிள்ளை முகத்தைச் சுளித்துவிட்டு, அப்புறம் சப்புக்கொட்டியது. தமிழ் நன்றாக வரும் என்று காலங்காலமாகச் செய்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம் செட்டிநாட்டுப் பழைய வீடுகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஆள் இல்லாத வளவு வீடுகளை இடித்து எடுத்த பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் இங்கே காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. இதே ஊரில்தான் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கினார். பங்குனியில் மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில் விழா. நாலாம் நாள், அத்த நட்சத்திரத்தன்று, நாட்டரசன்கோட்டையில். கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றியது பங்குனி அத்தத்தில் என்று ஒரு பழம்பாட்டு சொல்கிறது, அந்தக் கணக்குத்தான். ஒரு கவிஞனுக்கு நினைவிடம் கட்டுவது பெரிய காரியம்தான். அவன் பாட்டை வருஷம் தவறாமல் கூடி உட்கார்ந்து கேட்பது அதைவிடப் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

வருகிற பங்குனிக்கு நீ கட்டாயம் வர வேண்டும். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. வீட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை, அப்பத்தா கந்தரப்பம் சுட்டுத் தருவதாகச் சொல்லச் சொன்னார். எந்த ரயிலில் வருகிறாய் என்று மட்டும் முன்கூட்டியே எழுது, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்